குடலிறக்கம்: மலையில் இருப்பவர் தள்ளிப்போடக் கூடாது

தொடையிடுக்கில் ஒரு வீக்கம். நின்றால் தெரிகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது, வலி என்று சொல்ல எதுவும் இல்லை. இப்படி வரும் ஆணிடம் ஒரு மருத்துவர், "இப்போதைக்கு விட்டுவிடலாம், தொந்தரவு கொடுத்தால் வாருங்கள்" என்றால் அவர் அலட்சியமாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்வதற்கு நல்ல ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்ந்த ஆண்கள், வீக்கம் திடீரென்று சிக்கிக்கொண்டால் சீக்கிரத்தில் அறுவை அரங்கத்துக்குப் போய்ச் சேரக்கூடிய ஊர்களில் இருந்தவர்கள். ஜவ்வாது மலையின் ஒரு குக்கிராமத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே போளூரிலோ வேலூரிலோ இருப்பவர் காத்திருப்பது நியாயமாக இருக்கலாம். அதே வீக்கத்தோடு மலையில் இருப்பவர், உடல் நன்றாக இருக்கும்போதே நாள் குறித்து அறுவை செய்துகொள்வதுதான் சரி. இந்த அத்தியாயம் அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் எடுத்துப் பார்க்கிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் அவை கீழே இறங்கி, வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு விதைப்பைக்கு வருகின்றன. அப்படி வந்த வழி, வளர்ந்த ஆணில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்வான பாதையாக இருபுறமும் நிலைத்துவிடுகிறது. விந்துக்குழாயும் விதைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. விதையோடு கூட இழுபட்டு வந்த வயிற்றின் உள்சவ்வு பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது முழுதாக மூடுவதில்லை. அந்தத் திறந்த பைக்குள் குடலோ, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்போ பின்னாளில் இறங்குவது ஒரு வகை. இது இளைஞர்களுக்கும் வரும், விதைப்பை வரைக்கும் போகும். இன்னொரு வகையில், வயதாக ஆக அந்தப் பாதையின் பின்சுவர் தளர்ந்து நேராக முன்னால் பிதுங்குகிறது. பெண்களுக்கு இந்தப் பாதை மிகக் குறுகியது. அதனால்தான் இது பெரும்பாலும் ஆண்களின் நோயாக இருக்கிறது. இங்கிலாந்தின் மருத்துவப் பதிவுகளை வைத்துப் போட்ட ஒரு கணக்குப்படி, வாழ்நாளில் இதற்காக அறுவை செய்துகொள்ளும் வாய்ப்பு ஆண்களுக்கு 27 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். நாலு ஆண்களில் ஒருவருக்கு வரக்கூடிய ஒன்றை மறைத்து வைத்து வெட்கப்பட எதுவும் இல்லை.

சுமை தூக்கியதால்தான் வந்தது என்று மலையில் பலரும் உறுதியாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. வாசல் திறந்திருக்கவோ சுவர் தளர்ந்திருக்கவோ வேண்டும். அது இல்லாமல் சுமை மட்டும் குடலை இறக்கிவிடாது. ஆனாலும் நாள் முழுதும் நின்றும் நடந்தும் சுமந்தும் உழைக்கும் ஆண்களுக்கு முதல் வகை கூடுதலாக வருகிறது என்று டென்மார்க்கில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாமை மூட்டையையும் பலாப்பழத்தையும் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி இறங்குபவருக்கு இது பொருந்தாமல் போகாது. பீடிப் புகையால் ஆறாத இருமல், மலச்சிக்கல், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்காக முக்குவது ஆகியவை வயிற்றின் அழுத்தத்தை ஏற்றி நிலைமையை மோசமாக்கும். அறுவைக்கு முன் இவற்றைச் சரிசெய்யாவிட்டால் போட்ட தையலும் பாதிக்கப்படும்.

தொடையிடுக்கு வீக்கமெல்லாம் குடலிறக்கம் ஆகிவிடாது. காலில் முள் குத்தியோ புண்பட்டோ இருந்தால் அங்கே நெறி கட்டும். அது தனித்தனி உருண்டையாக, தொட்டால் வலிப்பதாக இருக்கும், இருமினால் பெரிதாகாது. விதைப்பையில் நீர் கோத்திருந்தால் வீக்கம் பையோடு நின்றுவிடும். அதன் மேற்புறத்தை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்க்க முடியும், இருட்டில் டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளி ஊடுருவும். யானைக்கால் நோய் இருந்துவந்த வட ஆற்காட்டுப் பகுதியில் இந்த நீர்க்கோவையைக் குடலிறக்கம் என்றும், குடலிறக்கத்தை நீர்க்கோவை என்றும் மாற்றி எண்ணுவது எளிது. குடலிறக்க வீக்கத்தின் மேல்முனையைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது வயிற்றுக்குள்ளிருந்து தொடர்ந்து வருகிறது. மருத்துவர் உங்களை நிற்கவைத்து, இருமச் சொல்லி, விரலை வைத்துப் பார்ப்பார். பெரும்பாலோருக்கு அந்தப் பரிசோதனையே போதும், ஸ்கேன் தேவைப்படுவதில்லை. கூச்சப்பட்டு வேட்டியை முழுதாக விலக்காமல் காட்டுபவரிடம்தான் நோயைத் தவறவிட இடமுண்டு. ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். தொடை மடிப்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கத்தில் சிறு உருண்டையாக வரும் இன்னொரு இறக்கம் உண்டு. ஆண்களுக்கு அது அரிது. ஆனால் வாசல் குறுகலாக இருப்பதால் சிக்கிக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம். அதற்கு எந்த ஊரிலும் யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை.

இனி காத்திருக்கலாம் என்பதற்கான ஆதாரத்துக்கு வருவோம். வட அமெரிக்காவில் தொந்தரவு இல்லாத, அல்லது மிகக் குறைந்த தொந்தரவு உள்ள 720 ஆண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு உடனே அறுவை செய்து, மற்றவர்களைக் கண்காணிப்பில் வைத்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. கண்காணிப்பில் இருந்தவர்களில் குடல் திடீரெனச் சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 2 பேருக்கும் குறைவாக, கணக்காகச் சொன்னால் 1.8. அன்றாட வேலையைத் தடுக்கும் அளவு வலியும் இரண்டு ஆண்டு முடிவில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் இருந்தது. அதற்கு முன்னால் வீக்கம் கண்டாலே அறுவை என்றிருந்த வழக்கத்தை இந்த ஆய்வு மாற்றியது. 2018இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டு நெறிகளும், தொந்தரவு இல்லாத ஆண் விரும்பினால் காத்திருக்கலாம் என்றே சொல்கின்றன. இதை மறைத்துவிட்டு மலைமக்களை அச்சுறுத்தி அறுவை அரங்கத்துக்கு அனுப்புவது நேர்மையாக இருக்காது. ஆபத்து சிறியதுதான்.

ஆனால் அந்தச் சிறிய எண்ணை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். ஒன்று, அது ஓராண்டின் கணக்கு. முப்பது வயதில் வீக்கம் வந்தவர் இன்னும் 35 ஆண்டு உழைக்கப் போகிறார் என்று வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே ஆபத்து நீடிக்குமானால், ஆயிரம் பேரில் அறுபது பேரைத் தொடுகிறது. ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் இதைத் தோராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஆயிரத்தில் இரண்டு என்பதைக் கேட்கும்போது வரும் நிம்மதி, ஆயிரத்தில் அறுபது என்னும்போது வராது. இரண்டாவது இன்னும் முக்கியம். அந்த 1.8 எத்தனை பேருக்குச் சிக்கும் என்பதைத்தான் சொல்கிறது, சிக்கியபின் அவர்களுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. ஆய்வில் கண்காணிப்பில் இருந்தவர்களில் யாரும் இதனால் சாகவில்லை, ஏனென்றால் அவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், உடனே அறுவை நடந்தது. காத்திருப்பதற்கான உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது பக்கத்திலிருந்த அந்த மருத்துவமனைதான்.

குடல் சிக்கிக்கொண்டால் என்ன நடக்கிறது? குறுகிய வாசலில் மாட்டிய குடல் வீங்குகிறது. வீங்கியதால் இன்னும் இறுகுகிறது. முதலில் இரத்தம் திரும்பிப் போகும் வழி அடைபடுகிறது, பிறகு இரத்தம் வரும் வழியே அடைபடுகிறது. அப்படி முழுதாக அடைபட்ட குடல் ஆறு மணி நேர அளவிலேயே அழுகத் தொடங்கலாம். அதற்குள் வாசலை விரித்துவிட்டால் குடல் பிழைக்கும், சாதாரண அறுவையைவிடச் சற்றுப் பெரிய அறுவையோடு முடிந்துவிடும். நேரம் தாண்டினால் அழுகிய துண்டை வெட்டி எடுத்து, மிச்சத்தை இணைக்க வேண்டும். ஓட்டை விழுந்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தால் உயிருக்கே போராட வேண்டும். ஸ்வீடன் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைப் பதிவேட்டில் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். நாள் குறித்துச் செய்துகொண்ட அறுவைக்குப் பின் இறப்பு, அந்த வயது மக்களிடையே சாதாரணமாக இருக்கும் இறப்பைவிடக் கூடவில்லை. அவசரமாகச் செய்தபோது அது ஏழு மடங்கு, குடலை வெட்ட வேண்டியிருந்தபோது இருபது மடங்கு. சாலையும் ஆம்புலன்சும் மயக்க மருந்து நிபுணரும் எந்நேரமும் தயாராக இருக்கும் ஒரு நாட்டின் கணக்கு இது.

இப்போது அந்த ஆறு மணி நேரத்தை ஜவ்வாது மலையில் வைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஒருவருக்கு வீக்கம் கல்லாகிவிடுகிறது. முதலில் வீட்டில் தடவிப் பார்ப்பார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், விடியட்டும் என்பார்கள். புறப்பட முடிவெடுத்தாலும் தார்ச்சாலை இல்லாத குக்கிராமத்திலிருந்து வண்டி வரும் இடம் வரை நடக்க வேண்டும், முடியாவிட்டால் டோலி கட்டித் தூக்கிவர வேண்டும். ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்துக்கு வந்தால் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கீழே அனுப்புவார்கள். அங்கிருந்து போளூர் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கொண்டை ஊசி வளைவுகளில் அதை இறங்கிக் கடந்தால், குடலை வெட்டி இணைக்க வேண்டியவருக்குப் பெரும்பாலும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போகும்படி இருக்கும். புதூர்நாட்டுப் பக்கத்தவருக்குத் திருப்பத்தூர், அமிர்தி வழியில் இருப்பவருக்கு வேலூர். எந்தத் திசையில் இறங்கினாலும், மழைக்காலத்தில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதை தடைப்பட்டால் கணக்கு முற்றிலும் கெடும். சமவெளிக்காரர் நாலு மணி நேரம் வீணடித்தாலும் பிழைத்துக்கொள்ள இடமிருக்கிறது. மலைக்காரருக்கு அந்த நாலு மணி நேரம் பாதையிலேயே போய்விடுகிறது.

இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும் இன்னொரு செய்தி, காத்திருக்கலாம் என்று சொன்ன அதே ஆய்விலிருந்து வருகிறது. கண்காணிப்பில் இருந்தவர்களைப் பத்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் ஏறக்குறைய 68 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்கு மாறிவிட்டதாக மதிப்பிட்டார்கள். பெரும்பாலோருக்கும் காரணம் வலி. 65 வயதைக் கடந்தவர்களில் இது 79 சதவீதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வயதான ஆண்களிடம் செய்த ஆய்விலும் ஏழரை ஆண்டில் பத்தில் ஏழு பேர் அறுவைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே பலருக்கும் கேள்வி, செய்வதா வேண்டாமா என்பதாக இல்லை, எப்போது என்பதாகத்தான் இருக்கிறது. நாற்பது வயதில் நெஞ்சும் நுரையீரலும் நன்றாக இருக்கும்போது செய்துகொள்வதா, அறுபத்தைந்தில் இரத்த அழுத்தமும் மூச்சிரைப்பும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்தபின் செய்துகொள்வதா? மலையில் இன்னொரு விதத்திலும் காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். சாமை அறுத்து வீட்டுக்கு வந்தபின், புளி உலுக்கும் வேலை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் நாள் கேட்டு வாங்கினால் விதைப்பும் அறுப்பும் கெடாது. வெளிமாநிலத்துக்குக் கூலிக்குப் போகிறவர் புறப்படுவதற்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. மொழி தெரியாத இடத்தில், எஸ்டேட் லயத்தில் படுத்திருக்கும்போது குடல் சிக்கினால் அந்தத் தொலைவு மலையைவிடக் கொடியது.

"எங்கள் தாத்தாவுக்கு நாற்பது வருஷம் இருந்தது, எண்பது வயதில்தான் போனார், இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா" என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. அந்தத் தாத்தா பொய்யில்லை. ஆயிரத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஆய்வே சொல்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது பிழைத்திருப்பவர்கள் மட்டுமே. வயிறு உப்பி, வாந்தியெடுத்து, இரண்டு நாளில் இறந்துபோனவரைப் பற்றி ஊர் பேசும்போது வயிற்று வலியில் போனார் என்றே சொல்லும். வேட்டிக்குள் இருந்த வீக்கத்தை அதோடு சேர்த்துப் பார்த்திருக்காது. அதனால் நல்ல முடிவுகள் ஊர் நினைவில் தங்கும் அளவுக்குக் கெட்ட முடிவுகள் தங்குவதில்லை.

பெல்ட் கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். பெல்ட் வாசலை மூடாது, வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். குடல் உள்ளே போகாமல் இருக்கும்போது அதன் மேலேயே இறுக்கிக் கட்டினால் தீங்கு செய்யும். சூடு வைப்பது, பச்சிலை வைத்துக் கட்டுவது எதுவும் சுவரில் விழுந்த இடைவெளியை ஒட்டவைக்காது. சூட்டுப் புண்ணால் அந்த இடத்துத் தோல் கெட்டு, அறுவையும் தள்ளிப்போகும். மலையின் மூலிகை அறிவு மதிக்கத்தக்கதுதான். பல நோய்களுக்கு அது பயன்பட்டும் இருக்கிறது. ஆனால் இது மருந்தால் ஆறும் நோய் கிடையாது. ஆங்கில மருத்துவத்திலும் இதற்கு மாத்திரை இல்லை.

உடலுக்குள் வலை வைப்பதைப் பற்றிய பயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. 1880களில் இத்தாலியின் எதுவார்தோ பாசினி, பிளந்த தசைகளின் ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அது பெரிய முன்னேற்றம். ஆனால் கிழிந்த கோணியின் இரு ஓரத்தையும் இழுத்துத் தைத்தால் பாரம் ஏறும்போது தையலோரமே மறுபடி கிழிவதுபோல, பலருக்கு வீக்கம் திரும்ப வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இர்விங் லிக்டென்ஸ்டைன் என்ற அறுவை மருத்துவர் எதையும் இழுக்காமல், இடைவெளியின் மேல் பாலிபுரொப்பிலீன் வலை ஒன்றைப் பரப்பித் தைத்தார். 1989இல் அவர் குழு வெளியிட்ட முடிவுகளுக்குப் பின் உலகமெங்கும் அந்த முறை பரவியது. வலையின் கண்களுக்குள் உடலின் சொந்தத் திசு வளர்ந்து, சில வாரங்களில் அது சுவரின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. சீழ் பிடிப்பது சிலருக்கு நேரலாம், அப்போது அதற்கான சிகிச்சை வேண்டும். வலை விலை கூடியது, ஏழைக்குக் கட்டாது என்றிருந்த காலத்தில் மகாராஷ்டிர மாநிலத்தின் தொண்டைச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற கிராமத்து அறுவை மருத்துவர், கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்திப் பார்த்தார். 2003இல் அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் அதன் முடிவை வெளியிட்டார்கள். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களுக்கு, பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணியும் பாதிப் பேருக்கு விலை கூடிய வலையும் வைத்து ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் வீக்கம் திரும்பியது மலிவு வலைக் குழுவில் ஒரே ஒருவருக்கு. மற்றக் குழுவில் யாருக்கும் இல்லை. இரண்டுக்கும் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை என்பது முடிவு. இந்த மருத்துவத்தை ஏழை ஊர்களுக்கு எடுத்துச்செல்வதில் ஓர் இந்தியக் கிராமத்து மருத்துவரின் பங்கு இருக்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். வலையே வேண்டாம் என்பவருக்கு, புனேயின் மோகன் தேசர்தா வயிற்றுத் தசையின் சொந்தப் பட்டையையே எடுத்து ஒட்டுப்போடும் முறை ஒன்றைத் தந்திருக்கிறார். கனடாவின் ஷோல்டைஸ் முறையும் உண்டு. அவற்றில் பழகிய கை வேண்டும். ஆகவே வலை வைப்பது உங்கள் மருத்துவர் நாள்தோறும் செய்யும் முறையாக இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு வேறொன்று. வலியே இல்லாதவரை அறுத்து, அறுத்ததாலேயே வலி வந்துவிட்டால்? இது கற்பனை இல்லை. பன்னாட்டு வழிகாட்டு நெறிகளின்படி, அறுவைக்குப் பின் நூற்றில் பத்து, பன்னிரண்டு பேருக்கு மாதக்கணக்கில் ஏதாவது வலி நீடிக்கிறது. காலப்போக்கில் அது குறையும். வேலையையே பாதிக்கும் அளவு வலி, ஆய்வுக்கு ஆய்வு மாறி, நூற்றில் அரைப் பேரிலிருந்து ஆறு பேர் வரை. அந்த இடத்தில் ஓடும் மெல்லிய நரம்புகள் தையலிலோ தழும்பிலோ மாட்டுவது ஒரு காரணம். இளம் வயதும், அறுவைக்கு முன்பே கடும் வலி இருந்ததும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இந்த எண்ணிக்கையைப் பார்க்கும் சமவெளிக்காரர், எனக்கு இப்போது வேண்டாம் என்று சொன்னால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மலைக்காரரும் இதை எடைபோட வேண்டும்தான். ஆனால் அவர் தராசின் மறுதட்டில் இருப்பது வேறு: சிக்கினால் தாமதமாகப் போய்ச் சேரும் வாய்ப்பு, குடலை இழக்கும் வாய்ப்பு, உயிர். வலி வந்தால் அதற்கு மாத்திரையும் ஊசியும் உண்டு, கீழே வந்து காட்ட நாட்கள் இருக்கின்றன. அழுகும் குடலுக்கு நாட்கள் இல்லை.

ஆண்மை போய்விடும் என்ற பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பல அறுவைகளைத் தள்ளிப்போடவைப்பது அதுதான். விந்துக்குழாய் அறுவை நடக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மருத்துவர் அதைத் தனியே பிரித்து ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். அதற்கோ விதைக்குப் போகும் இரத்தத்துக்கோ சேதம் வருவது அரிது. பலமுறை அறுவை செய்த இடத்தில் கொஞ்சம் கூடுதல். குடும்பக் கட்டுப்பாடு அறுவையில் குழாயை வேண்டுமென்றே வெட்டிக் கட்டுகிறார்கள். இங்கே அதைத் தொடாமல் காப்பதே நோக்கம். தாம்பத்தியத்துக்கு இதனால் தடை வருவதில்லை. வலி அடங்கியதும் தொடரலாம்.

மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்கமாட்டேன் என்பவருக்கு ஒரு செய்தி: திறந்து செய்யும் அறுவையை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகவைக்கும் ஊசியிலேயே செய்யலாம். உள்ளே தள்ளக்கூடிய சாதாரண வீக்கத்துக்கு, பழக்கமுள்ள மருத்துவர் இருந்தால் அதுவே சிறந்தது என்று பன்னாட்டு நெறிகளும் சொல்கின்றன. உகாண்டா ஆய்வும் அப்படித்தான் நடந்தது. நம் மருத்துவமனைகளில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகவைப்பது அதிகம். அதுவும் பாதுகாப்பானதே, சிலருக்குச் சிறுநீர் இறங்கத் தாமதமாகும். துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு வழக்கமாக முழு மயக்கம் வேண்டும். இருபுறமும் வீக்கம் உள்ளவருக்கும், திறந்து செய்தபின் மறுபடி வந்தவருக்கும் அது நல்ல தேர்வு. ஒரு பக்கம், முதல் முறை என்றால் திறந்த அறுவையும் குறைந்ததில்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: அரசு மருத்துவமனையில் இந்த அறுவைக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டவர்கள் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு முன்னரே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், நோய் வந்தபின் அலைய வேண்டாம். தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் உங்கள் அறுவை அங்கே திட்டத்தில் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதி செய்தபின் சேருங்கள். உண்மையான செலவு கூலி இழப்பும் துணைக்கு வருபவரின் சாப்பாடும் பேருந்துக் கட்டணமும்தான். அதனால்தான் வேலை குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது.

யாருக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுபத்தைந்து வயதைக் கடந்து, இதயமோ நுரையீரலோ தளர்ந்து, வீக்கம் சிறியதாக, அகன்ற வாயோடு, தொட்டாலே உள்ளே போவதாக இருக்கும் முதியவர் காத்திருக்கலாம். மருத்துவர் ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும். மகன் வீட்டில் திருவண்ணாமலையிலோ திருப்பத்தூரிலோ தங்கியிருப்பவரும் சமவெளிக்காரரின் கணக்கையே போட்டுக்கொள்ளலாம். மாறாக, வீக்கம் அண்மையில் வந்து வேகமாகப் பெரிதாகிறவர், உள்ளே தள்ளச் சிரமப்படுகிறவர், ஒருமுறையாவது சிக்கி விடுபட்டவர், விதைப்பை வரை இறங்கியவர் ஆகியோர் எந்த ஊரில் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

முடிவெடுத்தபின் ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்திலோ உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு கீழே போங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் அறுவைப் பிரிவின் புறநோயாளி நாளைச் சொல்வார்; வேறொரு நாள் போய்த் திரும்பி வரும் அலைச்சல் மிச்சமாகும். குறைந்தது நாலு வாரத்துக்கு முன் பீடியை நிறுத்துங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையே எடுத்துப் போங்கள், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை இருந்தால். அறுவை முடிந்து விதைப்பை வீங்கி நீலம் பாரிப்பது பலருக்கும் நேரும், இரண்டு வாரத்தில் வடியும், பயப்பட வேண்டாம். சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சிறுநீர் இறங்காமை இருந்தால் உடனே காட்ட வேண்டும். முடிந்தால் இரண்டு இரவு கீழேயே உறவினர் வீட்டில் தங்கிவிட்டு மலையேறுங்கள். ஆறு மாதம் அசையக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரமில்லை. அன்றே எழுந்து நடக்கலாம், வலி விடும் அளவுக்கு ஒரு வாரத்துக்குள் சில்லறை வேலைகளைத் தொடங்கலாம். மூட்டை தூக்கி மேடேறுவதை மட்டும் நாலிலிருந்து ஆறு வாரத்தில் படிப்படியாகக் கூட்டிக்கொள்வது நல்லது.

நாள் கிடைப்பதற்குள், அல்லது காத்திருக்கத் தீர்மானித்த காலத்துக்குள், வீக்கம் திடீரென்று கல்லாகி, படுத்தாலும் உள்ளே போகாமல் வலித்தால் அதுதான் அந்த நேரம். வாந்தி வந்தாலோ, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாவிட்டாலோ, வீக்கத்தின் மேல் தோல் சிவந்தாலோ கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. பலம் கொண்டு உள்ளே தள்ளாதீர்கள், அழுகிய குடல் உள்ளே போனால் இன்னும் கேடு. சாப்பாடு, தண்ணீர், பேதி மருந்து எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து, வண்டி எந்த இடம் வரை வர முடியும் என்பதை முதலில் சொல்லி, நோயாளியைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு இறங்கத் தொடங்குங்கள். சுகாதார நிலையத்தில், அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் இந்த நேரத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இடையில் வேறெங்கும் இறக்காமல் நேராக அங்கே கொண்டுபோய், வலி தொடங்கிய மணியை அங்கிருக்கும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.